ஒரு கண்ணில் மட்டும் கண்ணீர்

வாய் கொப்பளித்தேன். நான் துப்புவதற்கு முன்பே தண்ணீர் இடது கடைவாய் வழியாக வெளியேறி, புதுச் சட்டையை நனைத்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. முள்ளிப்பட்டு ஜெபவீட்டில் என் முதல் பிரசங்கம். பயத்தில் இரண்டாவது முறையாகப் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க இது, காலங்காத்தால மூஞ்சிய கோணிக்கினு?" என்று என் மனைவி எஸ்தர் சிரித்தாள். வீட்டில் நான் சாதாரண முகத்தோடு இருந்தால்தான் அவளுக்குச் சந்தேகம் வரும்.

"நா ஒண்ணும் பண்ணல" என்றேன். உதடு ஒட்டவில்லை, காற்றுதான் வந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

இந்த முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரணியில் பட்டுப்புடவைக் கடை ஒன்றில் விற்பனையாளன் நான். புடவையை விரிப்பது கை, விற்பது வாய். அந்த வாயைப் பார்த்துத்தான் எங்கள் ஆயர், முள்ளிப்பட்டில் ஞாயிறுதோறும் வசனம் சொல்லும் ஊழியத்துக்கு என்னைக் கேட்டார். "கர்த்தர் உன்னைத்தான் காட்டுறாருப்பா."

"அவருக்குக் கண்ணு நல்லா தெரியுதான்னு ஒருதரம் கேட்டுப் பாருங்கய்யா" என்று சொல்லித் தப்பித்தேன். ஆனால் அதன் பிறகு கடையில் நிம்மதியாகச் சிரிக்க முடியவில்லை. யாரோ பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலவே இருந்தது. கடைசியில் சரி என்று சொன்னேன். சொன்ன கையோடு வாய் கோணிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில், பக்கவாதம்தான் என்று முடிவே செய்திருந்தேன். உள்ளே இளம் பெண் மருத்துவர் கைகால்களைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். "நெத்திய சுருக்குங்க" என்றார். வலது பாதி சுருங்கியது. இடது பாதி இஸ்திரி போட்டது போல அப்படியே இருந்தது.

"இடது நெத்தி அசையல. நல்லதுங்க" என்றார்.

பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பித்துக்கொள்ளுமாம். இது பெல்ஸ் பால்சி (முகத்தை அசைக்கும் நரம்பு வீங்கி, ஒரு பக்கம் செயலிழந்து போவது). ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) எழுதிக்கொடுத்தார்.

"சரியாயிடுமா டாக்டர்?"

"பெரும்பாலும் ஆயிடும்."

"ஏன் வந்துச்சி?"

"பெரும்பாலும் காரணம் தெரியறதில்லைங்க."

அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லோடுதான் பல வாரம் குடித்தனம் நடத்தினேன். உங்களுக்கும் ஒரு காலையில் முகம் இப்படி ஆனால், எண்ணெய் போட்டு நீவிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். இமை மூடாது, அதனால் கண் காய்ந்துபோகும். சொட்டு மருந்தை விடாதீர்கள். தூங்கும்போது இமையை மூடி டேப் ஒட்டவேண்டும். எஸ்தர் பார்சல் ஒட்டுவது போல எனக்கு ஒட்டிவிடுவாள்.

மருத்துவருக்குத் தெரியாத காரணம் ஊருக்குத் தெரிந்திருந்தது. பஸ் ஜன்னல் காற்று என்றார்கள் தெருவில். திருஷ்டி என்றார் முதலாளி, சொல்லிவிட்டு என்னைப் புடவை மடிக்கும் அறைக்கு மாற்றினார். சபையில் மூத்தவரான டேனியல் அண்ணன்தான் தாழ்ந்த குரலில் கேட்டார்: "கர்த்தர் வாயையே கட்டிட்டாருன்னா, சும்மாவா இருக்கும் தம்பி?"

அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வேறு யாரையோ கூப்பிட்டிருப்பார், நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி கை தூக்கிவிட்டேனோ? கண்ணாடி முன்னால் கன்னம் உப்பும் பயிற்சி செய்யும்போதெல்லாம் இதே கேள்வி. 'பரமபிதாவே' என்று ஜெபிக்க முயன்றால் எச்சில்தான் முதலில் போய்ச் சேர்ந்தது.

இதற்கிடையில் புதன்கிழமை வீட்டு ஜெபத்தில் ஒரு விபரீதம் நடந்தது. இமை கொட்டாத கண்ணிலிருந்து, காய்ந்த எரிச்சலில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஓர் அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "பாரேன், எப்படி ஒடைஞ்சி அழுதுகினு ஜெபிக்கிறாரு" என்றார். துடைத்தேன். துடைத்ததும், அதைக் கேட்டுக்கொண்டிருந்தவரும் அழ ஆரம்பித்தார்.

அதிலிருந்து வியாதி வீடு, பரீட்சை வீடு, எல்லாவற்றுக்கும் ஜெபிக்க என்னைக் கூப்பிட்டார்கள். வாய் நேராக இருந்த காலத்தில் ஒருவரும் கூப்பிட்டதில்லை. திருட்டுச் சரக்கு விற்பவன் போல நடுங்கிக்கொண்டு ஆயரிடம் போனேன்.

"ஐயா, அது உருக்கம் இல்ல. நரம்பு வேலை செய்யல, அவ்ளோதான்."

"அப்போ அங்க உக்காந்து இன்னாதான் செய்யற?"

"பயந்துகினு இருக்கேன்யா. அவரு என்னை வேணாம்னு சொல்லிட்டாரோன்னு."

அவர் ஆறுதலாக ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். "அது எனக்குத் தெரியாதுப்பா" என்றார். "என்னைக் கூப்பிட்டாரான்னே நான் இன்னும் கேட்டுகினுதான் இருக்கேன். உனக்கு வாய் கோணின நாள்ல இருந்து முள்ளிப்பட்டுல வசனம் சொல்ல ஆள் இல்ல. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

அந்த வாரமே ஞாயிறன்று எஸ்தர் ஸ்கூட்டி ஓட்ட, தூசிக்காகக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனேன். ஜெபவீட்டில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள், பாதிப் பேர் தறி நெய்பவர்கள். எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றினேன்.

"மொதல்லியே சொல்லிடறேன். இந்தக் கண்ணுல தண்ணி வந்தா அது அழுகை இல்ல, நரம்புக் கோளாறு. யாரும் ஏமாறாதீங்க."

முன்வரிசையில் இருந்த லில்லி என்ற நெசவுக்காரப் பெண், "அதனால இன்னாண்ணா, தொடச்சிகினே சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். பாதிச் சொற்கள் கடைவாயில் ஒழுகின. வானத்திலிருந்து எந்தக் குரலும் வரவில்லை. வீடு திரும்பும் வழியில் பயம் அப்படியே இருந்தது. அடுத்த ஞாயிறும் போனேன்.

மாதங்கள் ஆயின. முகம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. கண்ணில் நீர் நின்றுவிட்டது, ஜெப அழைப்புகளும் குறைந்துவிட்டன. விசில் அடிக்க வரவில்லை. இடது பக்கச் சிரிப்பு, வலது பக்கம் சிரித்து முடித்த பிறகு வந்து சேர்கிறது. சிலது வராமலே போகலாம் என்கிறார் மருத்துவர்.

இமையும் அப்படித்தான். 'ஜெபிப்போமாக' என்றதும் வலது கண் மூடிக்கொள்கிறது. இடது கண் சற்றுத் தாமதித்து இறங்குகிறது. கண்ணை இறுக மூடியே ஜெபித்து வளர்ந்தவன் நான், பிறர் ஜெபிப்பதைப் பார்த்ததே இல்லை. இப்போது அந்த இடைவெளியில் தெரிகிறது: முக்காடு போட்ட தலைகள், சாயம் ஏறிய விரல்கள், என் வாயிலிருந்து அடுத்த சொல் வருமென்று காத்துக் குனிந்திருக்கும் கழுத்துகள். திக்கென்கிறது. பிறகுதான் இமை மூடுகிறது.