பச்சைக் கொடி என்று நினைத்து

பட்டாளத்திலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பியபோது எனக்கு இருபத்தாறு வயது. ஆறரை வருடம் வண்டி மெக்கானிக்காக இருந்தேன். குடித்ததில்லை. லீவு முடிந்து ஒரு நாள்கூடப் பிந்திப் போனதில்லை. யார்மேலும் கை நீட்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் விசாரித்தால் வேறு மாதிரி சொல்வார்கள்.

எங்களுடையது நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். வீட்டில் பேசியதையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். அப்பா நான்கு விசைத்தறி போட்டிருந்தார். நூலுக்குச் சாயம் ஏற்றுவதையும் அவரே பார்த்துக்கொண்டார். நான் அந்த வேலையில் அடி வாங்காத வாரம் கிடையாது. அரக்கு நூல் கொண்டுவா என்பார். நான் கொண்டுபோவது கரும்பச்சையாக இருக்கும். ஒருமுறை நான் எடுத்துக் கொடுத்த நூலில் ஒரு சேலைக்கு ஒரு பக்கக் கரை அரக்காகவும் மறுபக்கம் பச்சையாகவும் ஓடிவிட்டது. அதை வாங்கிப்போன மதுரைக் கடைக்காரர் புது டிசைன் என்று நினைத்து இன்னும் இருபது கேட்டு ஆள் அனுப்பினார். அப்பா இருபதையும் நெய்து கொடுத்துவிட்டு அதற்கும் என்னை அடித்தார்.

என் கண்ணில் கோளாறு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டுத் தெலுங்கில் ‘பச்ச’ என்றால் பச்சையும் உண்டு, மஞ்சளும் உண்டு. நல்ல கண் உள்ளவர்களே தினம் இரண்டு தடவை “எந்தப் பச்ச?” என்று கேட்டுக்கொள்கிற வீட்டில் என் குழப்பம் தனியாகத் தெரியவில்லை. அவன் கவனம் எங்கேயோ இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். நானும் அதை நம்பினேன்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது என்னை இழுத்தது தேசப்பற்று மட்டும் அல்ல. அங்கே எல்லோருக்கும் ஒரே நிறத்தில் உடுப்பு என்பதும் ஒரு காரணம்.

ஓடினேன், கயிறு ஏறினேன், எல்லாம் தேறிவிட்டது. கடைசியில் கண் சோதனை. ஒரு புத்தகம் வைத்திருந்தார்கள். பக்கம் முழுக்க வட்டமாகப் புள்ளிகள். வரிசையில் எனக்கு முன்னால் ஐந்து பேர். ஒவ்வொருவனும் பக்கத்தைப் பார்த்து ஒரு எண் சொன்னான். ஐந்து பேரும் அதே எண்களை அதே வரிசையில் சொன்னார்கள். எனக்கு அந்தப் பக்கங்களில் புள்ளியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இது ஞாபக சக்திக்கு வைத்த பரீட்சை போலிருக்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஏழு எண்களையும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்து, என் முறை வந்ததும் ஒப்பித்தேன். சபாஷ் என்றார்கள்.

ஆறரை வருடம் எந்தச் சிக்கலும் இல்லை. வண்டியில் இந்தக் குழாய் இங்கே, அந்த வயர் அங்கே என்று இடத்தை வைத்தே வேலை செய்தேன். நல்ல மெக்கானிக் என்று பெயர்கூட இருந்தது.

கடைசி வருடம் வடக்கே ஒரு மணல் காட்டில் இருந்தோம். துப்பாக்கிப் பயிற்சி நடக்கும் மைதானத்தின் ஓரத்தில், ஒரு மேட்டில், கொடி காட்ட ஆள் நிற்க வேண்டும். ஆடுமாடோ ஆளோ குறுக்கே வந்தால் சிவப்புக் கொடி ஆட்டவேண்டும், சுடுவதை நிறுத்திவிடுவார்கள். பாதை காலியாக இருந்தால் பச்சை. ஆள் பற்றாக்குறையால் மெக்கானிக்குகளையும் அனுப்புவார்கள். நானும் நாலைந்து தடவை போயிருக்கிறேன். சிவப்புக் கொடியின் கம்பில் ஒரு இரும்புக் கம்பி சுற்றியிருக்கும். அதுதான் எனக்கு அடையாளம்.

அன்றைக்கு ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். அவர் வருகிறார் என்று இரண்டு கொடிக்கும் வெள்ளைப் பெயின்ட் அடித்த புதுக் கம்பு போட்டுவிட்டார்கள். இரண்டும் வெயிலில் வெளுத்த பழைய துணி. நான் பார்த்தேன், எனக்கு இரண்டும் ஒன்றுதான். பாதி வாய்ப்பு இருக்கிறது என்று ஒன்றை எடுத்து ஆட்ட ஆரம்பித்தேன். அந்த நேரத்திலேயே கேட்டிருக்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது.

நாற்பது நிமிடம் ஆட்டினேன். எதிர்ப்பக்கம் ஒருவரும் சுடவில்லை. அதிகாரி வெயிலில் நின்றுகொண்டிருந்தார். ஏன் சுடாமல் இருக்கிறார்கள் என்று எனக்குக் கவலை. சரியாகத் தெரியவில்லையோ என்று இன்னும் உயர்த்தி ஆட்டினேன். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு அங்கே என்ன என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை சார், காக்கா குருவி இல்லை, தாராளமாகச் சுடலாம் என்றேன். அப்புறம் ஏன் நிறுத்தச் சொல்கிறாய் என்றார்கள். நான் நிறுத்தச் சொல்லவில்லையே என்றேன்.

சுபேதார் பைக்கில் வந்து இறங்கினார். முதலில் என் வாயை மோந்து பார்த்தார். பிறகு கொடியைக் காட்டி இது என்ன நிறம் என்றார். பச்சை என்றேன். அவர் முகம் மாறியது. என்ன நிறத்துக்கு மாறியது என்று எனக்குத் தெரியாது. கேலி பண்ணுகிறேன் என்றுதான் நினைத்திருப்பார். இன்னொரு கொடியை எடுத்து நீட்டினார். அப்படியானால் இது சிவப்பு சார் என்றேன். அந்த ‘அப்படியானால்’தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. கோபம் போய், ஒரு நோயாளியைப் பிடிப்பதுபோல என் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் கண் டாக்டராக இருந்தார். தமிழ் கேட்டதில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அவர் மேசையில் அதே புள்ளிப் புத்தகம். அதைப் பார்த்ததும் நான் விறைப்பாக நின்று ஏழு எண்களையும் ஒப்பித்து முடித்தேன்.

“நான் இன்னும் புத்தகத்தைத் திறக்கவே இல்லீங்களே” என்றார் அவர்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பயம், ஏமாற்றிச் சேர்ந்தான் என்று கேஸ் போட்டுவிடுவார்களோ என்று. அவர் நல்லவர். ‘இவனுக்கே தெரியாது’ என்று தெளிவாக எழுதிக்கொடுத்தார்.

ஆபீஸில் இருந்த குமாஸ்தா எனக்கு ஆறுதலாக, ஒருவனைப் பட்டாளத்திலிருந்து எதற்கெல்லாம் அனுப்புவார்கள் என்று விரல் விட்டுச் சொன்னார். லீவில் போய்த் திரும்பாதவன், பொய்ச் சர்டிபிகேட் கொடுத்தவன், தேறவே மாட்டான் என்று பயிற்சியிலேயே முடிவானவன், தண்டனை வாங்கித் தன் பதிவேட்டில் நாலு சிவப்பு மைக் குறிப்பு ஏறியவன், உடம்புக்கு முடியாமல் போய் அவனுக்கு ஏற்ற வேறு வேலையும் இல்லாதவன். “உன்னுது கடைசி வகை. கௌரவமானது” என்றார். சிவப்பு மையால் வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு; சிவப்பு தெரியாமல் போகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றும் சொன்னார். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ரயிலில் இரண்டு நாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் வந்தேன்.

விருதுநகரில் இறங்கி அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து சீட்டில், எங்கள் தெரு முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி.

“லீவா தம்பி?”

“இல்ல அண்ணாச்சி. வந்துட்டேன்.”

“ஒரேடியாவா? ஏன்?”

கண் என்று சொல்ல வாய் வரவில்லை. பெரிய ஆபீசர் ஒருத்தர் வந்த அன்றைக்கு ஒரு தப்பு நடந்துபோச்சு என்று மட்டும் சொன்னேன். அண்ணாச்சி மேற்கொண்டு கேட்கவில்லை. ரொம்ப மரியாதையாக என்னைப் பார்த்தார். பாலவனத்தம் தாண்டும்போது செல்போனை எடுத்துத் தலையைத் திருப்பிக்கொண்டு மெதுவாகப் பேசினார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தபோது, ஆபீசருக்கு இரண்டு பல் போயிருந்தது.

அப்பா என்னை நூல் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அடிதான் என்று நினைத்தேன். உள்ளதைச் சொன்னேன். அவர் நூல் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் காட்டிக் கேட்டுக்கொண்டே போனார். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

“அப்ப நீ வேணும்னு செய்யலியா?” என்றார்.

“இல்லப்பா.”

“ஒரு நாளு கூடவா?”

“ஒரு நாளு கூட இல்ல.”

கட்டுகளை மறுபடி அதனதன் இடத்தில் அடுக்கினார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. அம்மா இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை. தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் அப்பா நீண்ட நேரம் துக்கப்படுகிற ஆள் இல்லை. சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே முடிவைச் சொன்னார்.

“ஆபீசர அடிச்சவன்னா நாலு பேரு யோசிப்பாங்க. நெசவுக்காரன் மகனுக்குக் கலரு தெரியாதுன்னா ஒருத்தனும் பொண்ணு குடுக்க மாட்டான். அடிச்சதாவே இருக்கட்டும்.”

அது பொய்யாச்சே என்றார் அம்மா. நாம் ஒன்றும் சொல்லவில்லையே, அவர்களாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்றார் அப்பா.

அப்படியே இருந்தது. தெருவில் எனக்கு மதிப்பு கூடிப்போயிற்று. டீக்கடையில் இடம் விட்டார்கள். முடிவெட்டுகிறவர் என் கன்னத்தில் கத்தியை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒருநாள் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் என்னைப் பரளச்சிப் பக்கம் கூட்டிப்போனார். அங்கே அவருக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு உண்டு. பக்கத்துக் காட்டுக்காரர் வண்டிப் பாதையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். நீ ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா பின்னால நின்னாப் போதும் என்றார். நின்றேன். வெயில் தாங்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நின்றேன். பக்கத்துக் காட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இந்தத் தம்பிதானா அது என்று கேட்டார். ஆமாம் என்றார் எங்கள் ஆள். அவரே கவைக்கம்பு எடுத்து முள்ளை அகற்றினார். எனக்குப் பாவமாக இருந்தது. போய் ஒரு கை பிடித்தேன். அடிக்க வருகிறேன் என்று நினைத்து நான்கு அடி பின்னால் போய்விட்டார்.

ஒரு வருடம் கழித்து ஒரு வரன் வந்தது. ஊரின் மறுபக்கத்தில் சேலை வியாபாரம் செய்கிற குடும்பம். பெண் கம்ப்யூட்டரில் கரை டிசைன் போடுகிறாள். பெண்ணின் அப்பாவுக்கு என்மேல் ஒரே பிரியம். அநியாயத்தைக் கண்டால் பொறுக்க மாட்டாராமே மாப்பிள்ளை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பெண் மட்டும், அவரிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டாளாம். எங்களை மாடிக்கு அனுப்பினார்கள்.

தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டு நேராகக் கேட்டாள்.

“அந்த ஆபீசரை ஏன் அடிச்சீங்க?”

அந்த ஒரு வருடத்தில் யாரும் என்னிடம் ஏன் என்று கேட்டதில்லை. எங்கே அடித்தேன், எத்தனை அடி என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பொய் வரவில்லை.

“அடிக்கல. எனக்குக் கலர் தெரியாது. அதான் அனுப்பிட்டாங்க.”

அவள் நம்பவில்லை. தன் சேலையைக் காட்டி, இது என்ன கலர் சொல்லுங்க என்றாள். நான் நன்றாகப் பார்த்து, செம்மண் கலர் என்றேன். அவள் குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது கிளிப்பச்சையாம்.

கீழே இருந்த பெரியவர்கள் அந்தச் சிரிப்பைக் கேட்டு, பெண்ணுக்குச் சம்மதம் என்று தாம்பூலத் தட்டை மாற்றிவிட்டார்கள்.

“கை நீட்டுற ஆளு வேணாம்னு சொல்லத்தான் மேல வந்தேன்” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கல்யாணத்துக்கு முன் மாமனாரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நானும் அவளும் போனோம். அவர் முழுவதும் கேட்டார். முகம் வாடிவிட்டது. கலர் தெரியாதது பெரிதில்லை என்றார். அது வீட்டு விஷயம். ஆனால் விருதுநகர் வரைக்கும் சொல்லிவிட்டேனே மாப்பிள்ளை, இதை இப்படியே விட்டுவிடுவோமே என்று கேட்டுக்கொண்டார். விட்டுவிட்டோம்.

இப்போது நான் விசைத்தறி ரிப்பேர் செய்கிறேன். எம்.ரெட்டியபட்டி வரைக்கும் கூப்பிடுகிறார்கள். என் சட்டையை என் மனைவி எடுத்து வைக்கிறாள். கோபம் வந்தால் எடுத்து வைக்க மாட்டாள். எங்களுக்குள் சண்டை என்று அன்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

போன மாசம் அம்மாவின் தம்பி, என் மாமா, வீட்டுக்கு வந்தார். பஜாரில் முப்பது வருடமாக ஜவுளிக்கடை நடத்துகிறவர். கல்லாவை விட்டு எழுந்து அவர் ஒரு சேலை எடுத்துக் காட்டி யாரும் பார்த்ததில்லை என்பார்கள். முதலாளி மிடுக்கு என்று நாங்கள் நினைத்திருந்தோம். இந்தக் குறை பெரும்பாலும் அம்மா வழியாகத்தான் வரும் என்று கண் டாக்டர் சொன்னதை என் மனைவி ஏதோ பேச்சில் சொல்லிவிட்டாள். மாமா காப்பியைப் பாதியில் வைத்தார். நான் வழியனுப்ப வாசலுக்குப் போனபோது செருப்பை மாட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“ஏலே மாப்ள, அந்தப் புள்ளிப் புஸ்தகத்துல என்னென்ன நம்பரு வரும்?”

எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஏழையும் வரிசையாகச் சொன்னேன். அவர் உதட்டை அசைத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.