பாறசாலையில் பால் உறையாத வாரம்

போன வாரம் ஒரு பால் பண்ணையின் லேபில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் சுதாவுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். அவளோ டப்பாவைத் திறக்காமல் தலையில் கைவைத்திருந்தாள். தொட்டி நிறைய ஊற்றி வைத்த பால் உறையவே இல்லையாம்.

“யாராவது எதையாவது கலந்துட்டாங்களா?” என்றேன்.

“இல்ல சித்தப்பா. வைரஸ்.”

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்… விஞ்ஞானம் என்றால் நான் எடுப்பேன் ஓட்டம். ஆனால் தயிருக்குக்கூடவா காய்ச்சல் வரும்? சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

பாலைத் தயிராக்குகிற பாக்டீரியாவையே கொல்லும் வைரஸ் உண்டாம். அதற்குக் கண் இல்லை, மூக்கு இல்லை. பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் சர்க்கரையை வால் நுனியால் தொட்டுப் பார்க்கும். பொருந்தவில்லையா, அடுத்ததைத் தேடும். பொருந்திவிட்டதா, இறுகப் பிடித்துக்கொண்டு தன் சரக்கை உள்ளே இறக்கிவிடும். கொஞ்ச நேரத்தில் பாக்டீரியா வெடித்து, உள்ளேயிருந்து புது வைரஸ்கள் கூட்டமாக வெளியே வரும்.

“பாலுக்கு ஊத்தற உறையில ஒரே பாக்டீரியா இனம் இருந்தா மொத்தமும் காலி. பல இனம் கலந்திருந்தா, மேலுறை வேற மாதிரி இருக்கறது தப்பிச்சுடும். பாலும் உறைஞ்சுடும்” என்றாள்.

என் சிரிப்பு நின்றுவிட்டது.

தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் நினைவுக்கு வந்தன. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில், ராஜம்மை அக்காவின் தயிர்க்கடையில் எனக்கு வேலை. பால் தரும் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு சிரட்டைத் தயிரும் சேர்த்துக் கொண்டுவருவார்கள். அத்தனையையும் ஒன்றாகக் கலக்கினால், அதுதான் எங்கள் உறை. எது தமிழ் வீட்டுத் தயிர், எது மலையாள வீட்டுத் தயிர் என்று யார் பார்த்தார்கள்?

பிறகு பார்த்தார்கள். ஆளின் பெயரைக் கேட்டுவிட்டு அப்புறம் முகத்தைப் பார்க்கிற காலம் வந்தது. ஊர்த் தமிழ் இளவட்டங்கள் கடைக்கு வந்து, “அக்கா, நம்ம கடையில அவனுவளுக்க உறை வேண்டாம்” என்றார்கள். அக்கா பயந்துவிட்டாள். வம்பே வேண்டாமென்று எல்லா வீட்டுத் தயிரையும் நிறுத்தினாள். தெரிந்தவர் ஒருவர் ஏதோ லேபில் வளர்த்த ஒரே இன உறையைப் பாட்டிலில் கொடுத்தார் — தினமும் அதையே திருப்பித் திருப்பி ஊற்றினோம்.

ஒரு நாள் மூடியைத் திறந்தால்… பால். மறுநாளும் பால். மூன்றாம் நாளும்.

தயிர் வாங்க வந்தவர்கள் என்னைத்தான் பிடித்துக் கத்தினார்கள். எரிச்சலில் சொன்னேன்: “பாஸ்கரன் நாயருக்க பாலு சேந்ததினாலயாக்கும் இப்பிடி.” பாஸ்கரன் நாயர் கள்ளிக்காடு என்ற ஊரிலிருந்து வந்து குடியேறியவர். எங்களுக்குப் பால் தருவதை இன்னும் நிறுத்தாத ஒரே மலையாளி. எனக்கு என்ன ஆதாரம்? ஒரு மண்ணும் இல்லை.

மறுநாள் காலையில் அவர் பாலோடு வந்தபோது எட்டுப் பேர் கம்போடு காத்திருந்தார்கள். தங்கராஜன் என்பவன் அவர் கழுத்துத் துண்டை முறுக்கிப் பிடித்தான்.

“எலே, பாலுல என்னத்தலே கலக்கின?”

“ஞான் ஒந்நும் செய்திட்டில்ல… அம்மையாண, மக்கா, ஒண்ணும் கலக்கல்ல.” இரண்டு மொழியிலும் கெஞ்சினார். ஒரு அடி விழுந்தது. உதடு கிழிந்தது.

நான் பெரிய பானைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை… வரவில்லை. சீ, என்ன பிழைப்பு!

ராஜம்மை அக்கா குறுக்கே பாய்ந்தாள். “நில்லுங்கலே! இவருக்க பாலுல விஷம் உண்டுண்ணா, எந்த உறை ஊத்தினாலும் உறையாது. பாத்துட்டு அடிங்க.”

அவர் கொண்டுவந்த பாலை இரண்டு பானைகளில் பிரித்தாள். ஒன்றில் பாட்டில் உறை. இன்னொன்றுக்கு அவர் வீட்டுத் தயிரை வாங்கிவர என்னை ஓடவிட்டாள். அவர் மனைவி தயிரைத் தந்துகொண்டே, “சேட்டன் எவிடே?” என்று கணவரைக் கேட்டார். “கடையில உண்டு” என்றேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

காத்திருந்தோம். உறையாவிட்டால் அவரை உயிரோடு விடமாட்டார்கள். மதியம் தாண்டியும் எட்டுப் பேரில் ஒருவன்கூட நகரவில்லை. அவரை உட்காரவும் விடவில்லை. வைரஸாவது தொட்டுப் பார்த்துத்தான் பிடிக்கிறது… நாங்கள்?

நாலு மணிக்கு அக்கா மூடிகளைத் திறந்தாள். பாட்டில் உறை ஊற்றியது தண்ணீராக ஆடியது. மற்றதைச் சாய்த்தாள். அசையவில்லை. கட்டித் தயிர்!

“பாலு ஒண்ணுதான், பாத்தியளா? கெட்டது நம்ம உறையாக்கும்.”

தங்கராஜன் கம்பைக் கீழே போட்டான். மன்னிப்பா? மூச். “செரி, போவும்” என்றான். அவர் காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். அதன்பிறகு பால் கொண்டுவரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் சொன்னது நான்தான் என்று உடைத்துவிட்டேன்.

“எனிக்கு அறியாம்… தெரியும், மக்கா” என்றார் அமைதியாக. “நீ பானைக்க பொறவால ஒளிச்சப்பமே மனசிலாச்சு.”

தெரிந்திருந்தும், அந்த எட்டுப் பேர் நடுவே அவர் என் பெயரைச் சொல்லவே இல்லை.