மாமா கட்டிய குதிரைமுடி

என் மாமாவுக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. அதற்காக அம்மா அவரைத் திட்டாத நாளும் கிடையாது. லாரி ஓட்டுகிறவர். போகிற ஊரிலெல்லாம் ஒரு வைத்தியத்தைப் பொறுக்கிக்கொண்டு, சேந்தமங்கலத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி என்பதால் அவரைத் திட்டும் உரிமையை அம்மா வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அம்மாவின் கழுத்தில், காதுக்குக் கீழே, மாதுளை முத்து போலச் சிவப்பாக ஒன்று இருந்தது. தாலிக்கொடி உரசினால் ரத்தம் கசியும். மரு என்றே எல்லோரும் நினைத்தோம். மருவைக் குதிரைமுடியால் இறுக்கிக் கட்டினால் தானாக உதிர்ந்துவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. குதிரைக்கு எங்கே போவது? மாமா போனார். ஏதோ ஒரு கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமந்து நின்ற குதிரையின் வாலிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக்கொண்டு, உதை வாங்காமல் திரும்பியும் வந்தார்.

கட்டிய மறுநாள் அது கறுக்கத் தொடங்கியது. பிறகு முடிதான் அறுந்து விழுந்தது, மரு விழவில்லை. மிளகு போலக் கன்னங்கரேலென்று உட்கார்ந்துகொண்டது. பால் ஊற்ற வந்த அக்கா அதை உற்றுப் பார்த்தாள். தன் நாத்தனாருக்குக் காலில் இப்படித்தான் ஒரு மச்சம் கறுத்ததென்றும், அது கேன்சர் என்றும், அவள் வெகுநாள் தாங்கவில்லையென்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றோடு வீடே மாறிவிட்டது. அம்மா மாமாவைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். "சோறு தின்னுட்டுப் போ சாமி" என்று தட்டு வைத்தாள். அவர் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். கோழிப்பண்ணையிலிருந்து வந்த அப்பாவை அடுப்படிக்குக் கூட்டிப்போய் எந்த டப்பாவில் என்ன இருக்கிறதென்று காட்டினாள். எனக்குச் சடை பின்னிவிடவும் மறுத்துவிட்டாள்.

"நீயே பின்னிப் பழகு கண்ணு. எத்தன நாளைக்கு நானே பின்னுவேன்?"

நான் நான்காம் வகுப்பு. அம்மாவுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று எனக்கு ஒரே ஆத்திரம். கோணல் சடையோடு பள்ளிக்கூடம் போனேன்.

அடுத்த வாரம் மாமாவும் சேர்ந்து எல்லோரும் நாமக்கல்லில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். குதிரைமுடியைப் பற்றி மூச்சு விடக் கூடாது, படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று பஸ்ஸிலேயே முடிவாகிவிட்டது. டாக்டரம்மா அம்மாவின் கழுத்தில் எதையோ தடவி, விளக்கு வைத்த சின்னக் கண்ணாடி ஒன்றைத் தோலோடு ஒட்டி வைத்தார். அது அவருடைய செல்போனோடு சேர்ந்திருந்தது. திரையில் அந்த மிளகு உள்ளங்கை அளவு பெரிதாகத் தெரிந்தது. அவர் குனிந்து பார்த்தார். லேசாக அழுத்தினார், நகர்த்தினார், மறுபடி பார்த்தார். அப்பா அம்மாவின் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இதைச் சுத்தி எதாவது கட்டினீங்களா? தடம் தெரியுதே."

அப்பா அம்மாவைப் பார்த்தார். கதவோரம் நின்ற மாமாதான் முன்னால் வந்தார்.

"நான்தானுங்க கட்டுனேன். குதிரமுடிங்க. என்ற அக்காளுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. போனை அம்மா பக்கம் திருப்பினார். கெட்ட மச்சம் என்றால் பழுப்புப் புள்ளிகளும் வலை போன்ற கோடுகளும் தாறுமாறாகத் தெரியும், இதில் அவை இல்லை என்றார். ஓரமெல்லாம் சின்னச் சின்னச் சிவப்புக் குட்டைகள், இடையில் வெள்ளை வரப்புகள். குட்டைகள் எல்லாம் ரத்தக்குழாய்களாம். இறுக்கிக் கட்டியதில் நடுவில் ரத்தம் உறைந்து கறுத்துவிட்டதாம். கெடுதல் இல்லாத கட்டி, தொந்தரவாக இருந்தால் எடுத்துவிடலாம் என்றார்.

வெளியே வந்ததிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அம்மா மாமாவைத் திட்டித் தீர்த்தாள். "எடுபட்டவனே, இனி ஊட்டுப் பக்கம் வைத்தியம்னு வந்தீன்னா பாரு!" மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்படும் ஆளை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை நானே தலை பின்னி முடித்திருந்தேன். முதல்முறையாக வகிடு நேராக வந்திருந்தது. அம்மா வந்தாள். ரிப்பனை உருவி, இரண்டு சடையையும் அவிழ்த்து, முதலிலிருந்து பின்னத் தொடங்கினாள். வலிக்க வலிக்க, நிதானமாக. பஸ் போய்விடும் என்று கத்தினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. அத்தனை அழகாகப் பின்னியிருந்த என் சடையில் அம்மா என்ன குறை கண்டாள் என்று பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை எனக்குப் புரியவேயில்லை.