பின்னக் கணக்குக்கு மேலே

எங்கள் மகளின் டீச்சர், கைப்பேசித் திரையில் கணக்கை எழுதி, குரலோடு பதிவு செய்து, வகுப்பின் வாட்சப் குழுவில் போடுவார். வீட்டுப்பாடம் செய்யும்போது பிள்ளைகள் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். அன்று வரைக்கும் நான் ஒரு குறை சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, அடுப்படியில் நின்றபடியே பின்னக் கணக்கைத் திறந்தேன். டீச்சர் ஒரு வட்டத்தை நான்காகப் பிரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று திரையின் மேலே ஒரு பட்டை இறங்கியது. என் பெயர். அதன் கீழே காலையில் நான் டீச்சருக்குத் தனியாக எழுதியது: "டீச்சர், மகள அடுத்த வருஷம் சீனப்பள்ளிக்கு மாத்தலாம்னு இருக்கேன். அவருக்கு இன்னும் தெரியாது."

ஐயோ முருகா! டீச்சர் பதிவு செய்துகொண்டிருந்த நேரம் பார்த்தா நான் அனுப்பித் தொலைக்க வேண்டும்? அவரும் கவனிக்காமல் அப்படியே குழுவில் போட்டுவிட்டார்.

'அவர்' என் வீட்டுக்காரர். எங்கள் ஊரான புக்கிட் செலம்பாவில், மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர். வருஷா வருஷம் பிள்ளைகள் குறைந்துகொண்டே போக, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "நம்ம பள்ளிக்கு அனுப்புங்க லா" என்று கெஞ்சுகிற மனிதர். அவர் வீட்டிலேயே நான் இப்படி! எனக்கும் காரணம் இருந்தது. கூலிமில் நான் வேலை செய்யும் ஃபேக்டரியில், எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மாண்டரின் சீனம் தெரிந்ததால் சூப்பர்வைசர் ஆகிவிட்டார்கள். நான் இன்னும் கால்கடுக்க நின்று பெட்டி ஒட்டுகிறேன். என் மகளுக்கு இந்தக் கதி வேண்டாம் என்று நினைத்தேன். அதில் என்ன தப்பு? ஆனால் அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

டீச்சரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். எடுத்ததுமே கத்திவிட்டேன்.

"டீச்சர், அந்த வீடியோவ அழிச்சிருங்க! என் மெசேஜ் அதுல வந்துருச்சு!"

"அலாமாக்! மன்னிச்சிருங்க லா, இப்பவே எடுக்கிறேன்."

கொஞ்ச நேரத்தில் வீடியோ குழுவிலிருந்து மறைந்தது. மற்றவர்கள் பார்த்திருந்தால் பார்த்துத் தொலையட்டும், இவர் பார்க்காமல் இருந்தால் போதும் என்று கும்பிட்டுக்கொண்டேன்.

அவர் வந்தார். சூடாகத் தே ஓ, பால் சேர்க்காத தேநீர், கேட்டுக் குடித்தார். குளித்துவிட்டு வந்து, வழக்கம்போல் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கைப்பேசியை எடுத்தார்.

"டீச்சர் அந்த வீடியோவ எடுத்துட்டாங்க போலங்க. புதுசு போடுவாங்க, அப்புறமா பாருங்களேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"மத்தியானமே இறக்கி வச்சிட்டேன்" என்றார்.

வீட்டில் லைன் விட்டு விட்டுத்தான் கிடைக்கும் என்று அவர் எல்லாவற்றையும் டவுனிலேயே இறக்கி வைத்துக்கொள்வார். பாழாய்ப்போன எனக்கு அது மறந்தே போய்விட்டது.

வீடியோ ஓடியது. நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். "இப்போ இந்த வட்டத்த நாலு சம பாகமா பிரிக்கிறோம்" என்றார் டீச்சர். அந்த வரிக்குப் பிறகுதான் பட்டை இறங்கும். கைப்பேசியைப் பிடுங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதைத் தாண்டிவிட்டவள்.

பட்டை இறங்குவதற்குச் சற்று முன்பே அவருடைய கட்டைவிரல் நகர்ந்து திரையின் மேல்பக்கத்தை மூடிக்கொண்டது.

"அப்பா, கைய எடுங்கப்பா, மறைக்குது."

"மேல ஒண்ணுமில்லம்மா. கீழ கணக்கப் பாரு."

மத்தியானமே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் நான் கொடுத்த தே ஓவை வாங்கிக் குடித்திருக்கிறார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், பெட்டி ஒட்டுகிற கதையையெல்லாம் கொட்டியிருப்பேன். இப்போது அழுகைதான் வந்தது. அவர் மேல் கோபமும் வந்தது.

கணக்கு முடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே கேட்காதபடி பேசினார்.

"ஒண்ணாம் ஆண்டுக்குப் பிள்ள இருக்குன்னு ஒரு வீட்டுக்குப் போறேன். உங்க பொண்ணு அடுத்த வருஷம் எங்க படிக்கும்னு அவங்க கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

அவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பாமல் காத்திருந்தார்.