அக்காவுக்குப் போட்ட வளையம்

என் அக்காவின் நோயை ஊருக்குச் சொன்னவள் நான்தான். நல்ல எண்ணத்தில் சொன்னேன் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் எனக்குக் கைதட்டலும் வேண்டியிருந்தது. அதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்கா கடலில் பாசி எடுக்கிறவள். எங்கள் ஊரான அக்காள்மடத்திலிருந்து பதினாலு பெண்கள் ஒரே வள்ளத்தில் ஆளில்லாத் தீவுகள் பக்கம் போவார்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரலெல்லாம் துணிச்சுற்று. மூச்சைப் பிடித்து மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் போடுவார்கள். பை நிறைந்தால் வள்ளத்தில் கிடக்கும் சாக்கில் கொட்டிவிட்டு மறுபடி மூழ்குவார்கள். திரும்பி வரும்போது வள்ளம் இடுப்பளவுத் தண்ணீரிலேயே நின்றுவிடும். அங்கிருந்து கரைவரை அவரவர் சாக்கை அவரவர்தான் சுமக்க வேண்டும். அடுத்தவள் சாக்கில் யாரும் கை வைக்கக் கூடாது. எப்போதோ ஒருத்தியின் பாசியை இன்னொருத்தி அள்ளிக்கொண்டாள் என்று மயிரைப் பிடித்து உருண்ட சண்டைக்குப் பிறகு வந்த சட்டம் அது. ஈரப்பாசிச் சாக்கு ஒன்றை நான் ஒருமுறை அசைத்துப் பார்த்திருக்கிறேன். அசைக்கத்தான் முடிந்தது.

நான் ராமநாதபுரத்தில் விலங்கியல் படித்துவிட்டு, பெண்கள் உடல்நலத்துக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். பத்து நாள் பயிற்சி. படம் போட்ட அட்டைகள், துணியில் தைத்த கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை எல்லாம் கொடுத்தார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றுதான் அக்காவின் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். நகம் முழுக்கச் சுண்ணாம்பு.

“என்னக்கா இது?”

“சூடுடி. ஒண்ணுக்குப் போனா சொட்டுச் சொட்டா எரியுது. நாளைக்குக் கடல்ல கிடந்தா சரியாயிரும்.”

“நாள்பூராக் கடல்லதானே கிடக்கே? இன்னும் எம்புட்டுத் தண்ணி வேணும் உனக்கு?”

“அட்டையைக் காட்டிச் சம்பளம் வாங்குறவ, எனக்கும் காட்டாதே. போ.”

எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் நம்புவது இதுதான். நீர்க்கடுப்பு என்றால் உடம்பில் சூடு, கடல் குளிர்ச்சி, ஆகவே கடலில் கிடந்தால் சூடு இறங்கிவிடும். வள்ளத்தை ஓட்டுகிறவர் ஆண். பாசிப் பாறைக்குப் போய்ச் சேரும்வரை ஒதுங்க இடம் கிடையாது என்பதால் முந்தின நாள் சாயந்திரத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். கிருமி தங்குவதற்கு இதைவிட வசதி வேறு வேண்டாம். இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அக்கா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு சத்தத்தைக் குறைத்து, “எரிச்சலைவிட இன்னொண்ணு இருக்குடி. கீழ இறங்கி வருது” என்றாள்.

இரண்டு வருஷமாக இறங்கி வருகிறதாம். மூன்றாவது பிள்ளை பிறந்து இரண்டே மாதத்தில் சாக்குச் சுமக்கப் போனவள். தும்மினால் நனைந்துவிடும், குனிந்தால் ஏதோ உருண்டையாக வெளியே தட்டும். பழைய வேட்டித் துணியைக் கோவணம்போல இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் பாவாடை, அதற்கு மேல் சேலை என்று கடலில் இறங்கிக்கொண்டிருந்தாள். உப்புத்துணி உரசித் தொடையெல்லாம் புண்.

“ஏங்க்கா சொல்லல?”

“இதைப் போய் என்னத்தச் சொல்ல? மூணு பெத்தா இறங்கத்தான் செய்யும். எங்க வள்ளத்துல பாதிப் பேருக்கு இருக்கு. மதினி ஏன் வள்ளத்துல ஒருச்சாய்ச்சே உட்காருதுன்னு நெனைக்கிறே?”

மதினி என்றால் எங்கள் பெரியப்பா மகனின் மனைவி. அந்த வள்ளத்தில் யார் ஏறலாம், யார் ஏறக் கூடாது என்று சொல்கிறவர் அவர்தான்.

அக்காவை ராமநாதபுரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். சிறுநீரைச் சோதித்துக் கிருமி இருக்கிறது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து, எரிச்சல் நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வந்த சிறுநீரை அடக்கக் கூடாது என்றார். பிறகு உள்ளே பார்த்துவிட்டு, கர்ப்பப்பையைத் தாங்கும் தசைகள் தளர்ந்து அது கீழே இறங்கியிருக்கிறது என்றார். அந்தத் தசைகளை இறுக்கிவிடும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் மூன்று மாதம் ஓய்வு வேண்டும் என்றதும் அக்கா செருப்பைத் தேடினாள். அப்புறம்தான் டாக்டர் அந்த வளையத்தை எடுத்துக் காட்டினார். மிருதுவான சிலிக்கான் வளையம். உள்ளே பொருத்திவிட்டால் கர்ப்பப்பையை அது தாங்கிக்கொள்ளும்.

பொருத்தி முடித்து எழுந்து நடந்து பார்த்த அக்கா சிரித்துவிட்டாள். “கல்யாணத்துக்கு எங்க வீட்டுக்காரரு ஒரு மோதிரம் போடல டாக்டரம்மா. நீங்களாச்சும் போட்டுவிட்டீகளே.”

“கடலில் இறங்கலாமா?” என்று நான் கேட்டேன்.

“இறங்கட்டும், மூழ்கட்டும். கனம் மட்டும் தூக்கவே கூடாது. மூணு மாசம் கழிச்சு வாங்க, கழற்றிக் கழுவி மாட்டணும்.”

திரும்பும் பேருந்தில் அக்கா ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். பாம்பன் பாலத்தில் ஏறியதும் வேண்டுமென்றே இருமினாள். கொஞ்சம் பொறுத்து, இன்னும் பலமாக இருமினாள். முன்சீட்டுக்காரர் திரும்பி, “சளியா தாயி?” என்று கேட்டார். “இல்லண்ணே, சும்மா இருமிப் பாக்குறேன்” என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை என்று என் காதில் சொன்னாள்.

மிச்சம் இருந்தது சாக்கு. அக்கா பாசியை இரண்டு பாதியாகப் பிரித்து இரண்டு நடை நடந்து கரையேற்றினாள். கேட்டவர்களிடம் வயிற்றுவலி என்றாள். வள்ளம் தாமதமாகிறது என்று முணுமுணுப்பு வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒரு சாக்கைப் பிடித்தால் என்ன குறைந்துவிடும்? சட்டத்தை மாற்றினால் போயிற்று. அதற்கு எல்லாரும் விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கூட்டம் போடுவோம். இப்படித்தான் என் மண்டை ஓடியது. வேகமாக ஓடுகிற மண்டை என்று கல்லூரியில் பேர் வாங்கியவள் நான்.

மீனவர் சங்கக் கட்டடத்தில் கூட்டம். பதினாலு பேரும் வந்தார்கள். நான் துணிக் கர்ப்பப்பையை வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். சிரித்தார்கள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள், ஆனால் கவனித்தார்கள். கடைசியில், “உங்கள்ல யாருக்காவது இப்படி இருக்கா?” என்று கேட்டேன். ஒரு தலை நிமிரவில்லை. குறைந்தது ஆறு பேருக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கோபமாக வந்தது. பேச்சு தோற்றுப்போகிறதே என்ற பதற்றமும் இருந்தது.

“வெக்கப்பட ஒண்ணுமில்ல. என் அக்காவுக்கே இருந்துச்சு. வளையம் போட்டு இப்ப ஜம்முனு கடலுக்கு வருது. கனம் மட்டும் தூக்கக் கூடாது. நீங்க ஒரு கை பிடிச்சா போதும்.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

“என்னத்தடி போட்டிருக்கே உள்ள?” என்றாள் ஒருத்தி. “ஆட்டோ டயராம்ல” என்றாள் இன்னொருத்தி. “அப்ப முங்குனா மெதக்குமா?” கட்டடம் முழுக்கச் சிரிப்பு. மதினி மட்டும் சிரிக்கவில்லை. “அதோட இத்தனை நாளா எங்ககூட வந்தியா?” என்று அக்காவைக் கேட்டார்.

மறுநாள் காலை அக்கா கரைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். வள்ளக்காரர் நங்கூரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, “நீ இருந்துக்கத்தா” என்றார். “உள்ள சாமான் வச்சிருக்க பொம்பளைக்குத் தண்ணிக்குள்ள ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்ல?”

“டாக்டரே மூழ்கலாம்னு சொன்னாக மாமா” என்றேன்.

“அந்த டாக்டரம்மாவ வந்து வள்ளத்துல உக்காரச் சொல்லு.”

மதினி என்னைத் தனியே இழுத்துப் போனார். “தீவுப் பக்கம் ஏற்கெனவே பாரஸ்ட்டுக்காரவுக கெடுபிடி. ஒருத்தி மயங்கி விழுந்து ஆஸ்பத்திரி, போலீசுன்னு ஆச்சுன்னா பதிமூணு பேரு பொழப்பும் போச்சு. உன் அக்காவுக்காக நான் அதுக்கு இடங்குடுக்க முடியாது.”

“உங்களுக்கும்தானே மதினி இருக்கு?”

கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் கல்லாகிவிட்டது. “எனக்கு இருக்குன்னு எந்தச் சீட்டுல எழுதியிருக்கு? நான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கல. மிதிக்காதவரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல. போடி.”

நோயோடு வரலாம், மருந்தோடு வரக் கூடாது. கோவணம் கட்டி மறைத்துக்கொண்டு பாதிப் பேர் ஏறிய அந்த வள்ளத்தில், வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒரே ஒருத்திக்கு இடமில்லை.

அக்கா கருவாடு காயவைக்கிற இடத்துக்கு வேலைக்குப் போனாள். அங்கேயும் கூடை சுமக்க வேண்டும் என்றதால் நாலாம் நாளே நின்றுவிட்டாள். கடல் தெளிந்து பாசி நன்றாகக் கிடைத்த மாதங்கள் அவை. மற்றவர்கள் சாக்குச் சாக்காக இறக்கும்போது அவள் வீட்டில் நீச்சல் கண்ணாடியைக் கழுவித் துடைத்துத் திரும்ப மாட்டி வைப்பாள். என்னைத் திட்டவே இல்லை. ஒரே ஒரு முறை, சோறு போட்டுக்கொண்டே, “தெரிஞ்சதை எல்லாம் வாய்லயே வச்சுக்கிட்டுத் திரியணுமாடி?” என்றாள். அவ்வளவுதான்.

மூன்று மாதம் முடிந்ததும் தனியாகவே ராமநாதபுரம் போனாள். நான் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். சொன்ன நாளில் சரியாகக் கழுவி மாட்டப் போகிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அலுவலகத்தில்கூடச் சொன்னேன்.

அடுத்த நாள் காலை அவளைக் காணோம். கரைக்கு ஓடினேன். வள்ளத்தில் எல்லாரும் ஏறியிருந்தார்கள். அக்கா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஒரு பாலிதீன் பையை மதினியின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே அந்த வளையம்.

“எடுத்தாச்சு மதினி. பாத்துக்கங்க. உள்ள ஒண்ணுமில்ல.”

மதினி பையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தார். அது கை மாறி வள்ளக்காரர்வரை போனது. அவர் தொடாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

“ஏறு” என்றார் மதினி, தான் ஒருச்சாய்த்து உட்கார்ந்திருந்த பலகையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு.

டாக்டருக்குப் போன் செய்து கத்தினேன். “கழுவி மாட்டத்தான் எடுத்தேன்மா. மாட்ட விடல. அரை மணி நேரம் பேசிப் பார்த்தேன்” என்றார். “வளையம் இருந்தா வள்ளத்துல ஏத்த மாட்டாங்க, எனக்குக் கடல்தான் வேணும்னாங்க. அவங்க உடம்பு. நான் என்ன செய்ய?”

இப்போது அக்கா கோவணம் கட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறாள். சாக்கை ஒரே நடையில் தூக்கி வருகிறாள். இருமல் வந்தால் நின்று, கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு இருமுகிறாள். எங்கள் ஊரிலிருந்து அதற்குப் பிறகு ஒரு பெண்கூட அந்த டாக்டரிடம் போகவில்லை.

போன வாரம் பெரியபட்டினத்தில் கூட்டம் நடத்தினேன். எல்லாரும் போன பிறகு ஒரு அம்மா மட்டும் இருந்தார். நாற்பது வயதிருக்கும். கதவைப் பார்த்துக்கொண்டே, “அந்த வளையம்னு சொன்னியலே, நம்ம பக்கத்துல போட்டு நல்லா இருக்கவுக யாராச்சும் இருக்காகளா? உங்களுக்குத் தெரிஞ்சவுக?” என்று கேட்டார்.

அக்காவின் பேர் வாய்வரை வந்துவிட்டது.

“தெரிஞ்சவங்க யாரும் இல்லம்மா” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் அந்தத் துணிக் கர்ப்பப்பையையே பார்த்தார். பிறகு பர்தாவைச் சரிசெய்துகொண்டு, இடுப்பில் கை ஊன்றி மெதுவாக எழுந்து போனார்.