சாக்கின் மேல் நான்கு பிரேக் கட்டைகள்

பேய்க்கதை பேசினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள், ஐடிஐ முடித்து ரயில்வேயில் டெக்னீஷியன் ஆனவள். இரும்பு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று எனக்குத் தெரியும். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

போன வருடம், பழைய மீட்டர் கேஜ் சரக்கு வேகன் ஒன்றை ஸ்டேஷன் வாசலில் காட்சிக்கு வைக்கச் சீர்செய்து கொண்டிருந்தேன். அந்தக் காலத்து வேகனின் பக்கவாட்டில் நீளமான கம்பி ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் இரும்புக் கட்டைகள் சக்கரத்தைக் கவ்வும். அதுதான் கை பிரேக். தேய்ந்த கட்டைகளை நானே கழற்றிப் போட்டுவிட்டேன். புதிதாக வார்த்து வந்த நான்கும் தள்ளி ஒரு சாக்கின் மேல் இருந்தன. சக்கரத்துக்கு ஆப்பு வைத்திருந்தோம்.

மகள் வேலை செய்வதைப் பார்க்கவென்றே கீரமங்கலத்திலிருந்து அம்மா வந்திருந்தாள். தண்டவாளம் முடிகிற இடத்தில் வேப்ப நிழலில் தூக்குவாளியைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அங்கிட்டு உக்காராதம்மா."

"ஏண்டி, இந்த ஓட்டை வண்டி ஓடவா போவுது?"

பெயிண்டர் முருகேசன் அண்ணன் சக்கரத்துக்கு வண்ணம் அடிக்க ஆப்பை உருவினார். கிரீஸ் போட்ட சக்கரம், சத்தமே இல்லாமல் வேகன் சரிவில் இறங்கியது, அவர் கத்த, நான் ஓட, அம்மா திரும்பிப் பார்த்து அப்படியே உறைந்து போக, நான் பாய்ந்து கம்பி மேல் மொத்த உடம்பையும் போட்டேன். போட்ட பிறகுதான் நினைவு வந்தது, கட்டைகள் இல்லை.

கிறீச்சென்று இரும்பு அலறியது. அம்மாவின் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் வேகன் நின்றது.

அண்ணன் அடியில் குனிந்து பார்த்தார். "தங்கச்சி, கட்டையே இல்ல. எது புடிச்சுச்சு?"

தரை மேடாக இருக்கும் என்றேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். சரிவுதான்.

அப்போதுதான் கருகல் வாடை வந்தது. சாக்கு புகைந்துகொண்டிருந்தது. நான்கு கட்டைகளும் தொட முடியாத சூடு.

"எம்மக ஒத்தக் கையில ரயில நிறுத்துனா" என்று அம்மா இன்றும் ஊரெல்லாம் சொல்கிறாள். நான் மறுப்பதில்லை.

மறுநாள் அவற்றை மாட்டப் போனேன். புதுக் கட்டை எதுவும் சக்கரத்தோடு உடனே ஒட்டி உட்காராது, தேய்த்துத்தான் ஆக வேண்டும். அரத்தோடு போனேன்.

நான்கும் அச்சாகப் பொருந்தின. அரத்துக்கு வேலையே இல்லை.