கம்பி போகும் வழி

“கம்பி போற வழியில நிக்காதீங்க.” இதைச் சொல்லாமல் அக்கா ஏணியில் கால் வைக்க மாட்டாள். சொல்வதோடு விடவும் மாட்டாள். கடைக்காரர், வாடிக்கையாளர் என்று பாராமல் தோளைப் பிடித்து ஓரங்கட்டுவாள். ஷட்டர் பழுதுபார்ப்பது அவள் தொழில். என்னைவிட இளையவள்தான், ஆனாலும் தெருவுக்கே அக்கா.

ஒரு வாரமாக என் கடை ஷட்டரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. மேலே குழாயைச் சுற்றியிருந்த ஸ்பிரிங் உடைந்துவிட்டது என்றாள்.

“நீங்க இழுத்து மூடுறப்போ ஸ்பிரிங் முறுக்கிக்கும். உங்க பலம், ஷட்டர் கனம் எல்லாத்தையும் உள்ள வெச்சிருந்து, தெறக்குறப்போ திருப்பித் தரும். சொந்தக்காரங்க மாதிரி இல்ல.”

இத்தனை நாள் ஒற்றைக் கையால் தூக்கிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டவன் நான். முந்தின நாள் போட்ட பலம் சத்தமில்லாமல் காத்திருந்து எனக்காக எழுந்ததை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது.

புது ஸ்பிரிங்கை ஏற்றக் குழாயை நீளமான ரெஞ்சால் முறுக்க வேண்டும். அதைத்தான் கம்பி என்கிறார்கள். ஒருவர் கம்பியை இறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் குழாயைப் பூட்டும் போல்ட்டை முடுக்க வேண்டும். நடுவில் கை நழுவினால் சேர்ந்த பலமெல்லாம் ஒரே வீச்சில் கம்பியோடு திரும்பும். போன வருடம் அப்படித்தான் அவள் தம்பியின் மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. பயம் போகவில்லை. அன்றிலிருந்து கம்பி அக்கா கையில், போல்ட் தம்பி கையில்.

இன்றைக்கு ஏணியடியில் நின்று, “தோள் வலிக்குதுடா, நீ புடி” என்றாள். சற்று முன் அந்த ஏணியைத் தனியாளாகச் சுமந்து வந்த தோள் அது.

“விட்டுட்டேன்னா?” என்றான் தம்பி.

“விடாத.”

அவன் ஏறினான். கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க இழுக்க ஸ்பிரிங் முனகியது. அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

“அக்கா, சீக்கிரம்.”

அக்கா நிதானமாக ஸ்பானரைத் துடைத்தாள். ஓரமாக நின்றே போல்ட்டை எட்டலாம். தம்பி ஒரு வருடமாக அப்படித்தான் முடுக்கினான். அவள் ஸ்டூலை இழுத்து, எங்களையெல்லாம் விரட்டிய அதே வழியில் போட்டு ஏறினாள். கம்பிக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய், அவன் பக்கம் திரும்பிக்கூடப் பாராமல், போல்ட்டை முடுக்கத் தொடங்கினாள்.